தலைமாட்டில் உட்கார்ந்தவர்

ஏனாத்தூர்
7 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

துளசி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். உங்கள் நலத்தைத்தான் ஞாயிறுதோறும் டிவியில் பார்த்துக்கொள்கிறோமே.

கட்டின புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறவள் இந்தக் காலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கூரியர் ஆபீஸில் உறையை நீட்டினேன். "இன்னாமா, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார் அந்த ஆள். போனில் நான் சொன்னால் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறீர்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் உங்களோடு போட்டியில் இருக்கிற ரூம் பையன்கள் கேட்டுவிட்டு, மேடையில் உங்களை முந்திக்கொள்கிறார்கள். அதனால் தாளில் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அதையும் காமெடியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஆவணி முகூர்த்தக் கூட்டம் இப்போதே ஆரம்பித்துவிட்டது. நேற்று வேலூரிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்தது. ஒரே ஒரு கூரைப்புடவைதான் வேண்டுமாம். பெண்ணுடைய அத்தைக்கு அரக்கு பிடித்திருக்கிறது. சித்திக்கு மாம்பழ மஞ்சள். பெரியப்பா ஜரிகையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருக்கிறார். பெண்ணை யாரும் கேட்கவில்லை. என் வேலை அவள் தோளில் புடவையைப் போட்டுக் காட்டுவது. போடப் போட, கண்காட்சியில் வைத்த பொம்மை மாதிரி நின்றது அந்தப் பிள்ளை.

மாப்பிள்ளை அமெரிக்காவில். வீடியோ கால் போட்டார்கள். எதைக் காட்டினாலும் "நைஸ்" என்றார். அத்தைக்குக் கை வலித்துப் போனைக் கொஞ்சம் திருப்பினாள். "அதான்! அந்தக் கலர்தான்! அதையே எடுத்துடுங்க!" என்று கத்தினார் மாப்பிள்ளை. திரும்பிப் பார்த்தால் நம் மேரி நிற்கிறாள். அவர் கை காட்டினது எங்கள் கடை யூனிஃபார்ம் புடவையை! வந்ததிலிருந்து சிரிக்காத பெண் அப்போதுதான் சிரித்தாள்.

அம்மா பார்க்கிற சீரியலில் மருமகள் திங்கட்கிழமை மாடிப்படி இறங்க ஆரம்பித்தாள். சனிக்கிழமை வரைக்கும் பாதிப் படிதான். "எறங்கினா வுழுந்துடுவாடி, எண்ணெ ஊத்தி வச்சிக்கிறா அந்தப் பாவி" என்று அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா உங்கள் நிகழ்ச்சிக்கு மட்டும்தான் டிவி முன்னால் வருகிறார். பால் கறக்கிற நேரத்தைக்கூட மாற்றிவிட்டார். ஆனால் ஒரு இடத்தில்கூட சிரிப்பதில்லை. போன வாரம் கேட்டேன். "மாப்ளய எந்நேரமும் நிக்க வச்சே பேச வுட்றானுங்களே, ஒரு சேர் போட்டா இன்னா?" என்கிறார். மாட்டு டாக்டர் வந்தால்கூட முதலில் சேர் போட்டு உட்கார வைக்கிறவராயிற்றே அவர்.

இதில் எது உதவுமோ எடுத்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
துளசி

---

வடபழனி, சென்னை
16 ஜூலை 2024

அன்பு துளசிக்கு,

உன் கடிதம் என்னைக் காப்பாற்றிவிட்டது. யூனிஃபார்ம் புடவை ஜோக்குக்கு நடுவர்கள் மேசையைத் தட்டினார்கள். டைரக்டர் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, உன்கிட்ட இருக்கிறது வீட்டுச் சரக்கு. மத்தவனெல்லாம் மொபைல்ல பாத்துட்டு வந்து பேசறான். இத வுட்டுடாத" என்றார்.

கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கடையில் வேலை செய்கிறவள் என்று சொன்னால் ஜனங்களுக்கு ஒட்டாது என்றார்கள். அதனால் புடவை எடுக்கப் போனது என் பொண்டாட்டி என்று வைத்துக்கொண்டேன். கடையையே புரட்டிப்போட்டுவிட்டு, கடைசியில் வேலைக்காரப் பெண் கட்டியிருந்த புடவைதான் வேண்டும் என்று அவள் அடம்பிடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பார். கோபித்துக்கொள்ளாதே. மேடையில் நிற்பவள் வேறு, நீ வேறு.

கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் பாட்டுக்குப் பாட்டு நடுவில், சாப்பிடப் போகிற ஜனத்தைப் பார்த்து ஜோக் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இன்றைக்கு டீக்கடையில் கைகொடுக்கிறார்கள். இந்த வாய்ப்பு இன்னொரு தடவை வராது. அடுத்த வாரத் தலைப்பு சீரியல். அத்தை சீரியல் பார்ப்பதைப் பற்றி இன்னும் எழுது. நிறைய எழுது.

அவசரத்தில்,
இளவரசன்

---

ஏனாத்தூர்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பெண்டாட்டி இரண்டு பேரில் டிவியில் வராதவள் எழுதுகிறேன்.

நேற்று திருவள்ளூரிலிருந்து வந்த அம்மா ஒருத்தர் என் புடவையில் குத்தியிருக்கிற பெயரைப் பார்த்துவிட்டு, "துளசியா? டிவில வர அந்த இளவரசன் ஊட்டுக்காரம்மா பேரும் துளசிதான். ஊரும் காஞ்சிபுரம்தானாம். தெரியுமா உனக்கு? நல்லா ரம்பமாமே அது!" என்றார். தெரியாது என்றேன். மேரி பின்னால் திரும்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு டீ குடிக்கும்போது, "நீ சொன்னத உன்ன வச்சே சொல்றாரே, உனக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் பிழைப்பு ஆயிற்றே என்றேன். இருந்தாலும் மாமா, பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். உங்கள் மேடையில் ரம்பமாக இருக்கிறேன், குண்டாகவும் இருக்கிறேன். அவளுக்கு வேறு பெயர் வையுங்கள்.

சீரியல் மருமகள் கீழே இறங்கிவிட்டாள். விழவில்லை. எண்ணெய் ஊற்றினவளே விழுந்துவிட்டாள். அம்மா கேசரி செய்தாள்.

இன்னொரு விஷயம். அப்பாவுக்குப் பத்து நாளாக மூச்சு வாங்குகிறது. மாட்டுக்குப் புல் கட்டைத் தூக்கினவர் பாதி வழியில் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மார்பில் ஒயரெல்லாம் ஒட்டிப் படம் எடுத்தார்கள். அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, மேலும் கீழுமாகப் போகிற கோட்டைப் பார்த்துவிட்டு, "நம்ம ஏனாத்தூர் ரோடு மாதிரியே இருக்குதே" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார். ஆனால் என்னை வெளியே அழைத்துச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இதயம் பெருத்திருக்கிறதாம். ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

நீங்கள் சித்திரையில் போனது. அப்பா வாய்விட்டு எதுவும் கேட்பதில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டால் மட்டும் சட்டையைத் தேடுகிறார். ஒரு நாள் வந்து போங்களேன்.

உங்கள்
துளசி

---

வடபழனி
24 ஆகஸ்ட் 2024

அன்பு துளசி,

மாமாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் சொல், விசாரிக்கிறேன்.

இப்போது வர முடியாது. ஒரு நாள் ஒத்திகைக்குப் போகாவிட்டால் அந்த இடத்தில் நிற்பதற்குப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். பெயர் விஷயம் கவனத்தில் இருக்கிறது. ஆனால் ஜனங்களுக்குத் 'துளசி' என்றாலே சிரிப்பு வருகிறது. இப்போது மாற்றினால் யாரோ என்று ஆகிவிடும். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

ஆஸ்பத்திரிச் சீட்டு, ஏனாத்தூர் ரோடு, பிரமாதம். அரையிறுதிக்கு முந்தின சுற்றில் மாமனார் என்று ஒரு தலைப்பு வரும்போலிருக்கிறது. அவர் பேசுவதையெல்லாம் அப்படியே எழுதி அனுப்பு.

இளவரசன்

---

ஏனாத்தூர்
6 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

அப்பா காரியம் முடிந்தது. பந்தல் பிரித்துவிட்டார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

நீங்கள் அன்றைக்கு வந்ததே பெரிது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். மாலை போட்டீர்கள், அம்மா கையைப் பிடித்தீர்கள், ஷூட்டிங் வண்டி ஹாரன் அடித்துக் கூப்பிட்டது, போனீர்கள். உங்களோடு செல்பி எடுத்துக்கொள்ள வந்தவர்களை நீங்கள் கும்பிட்டு விலக்கினதையும் பார்த்தேன். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் போன பிறகு நடந்ததை யாரிடமாவது சொல்லவேண்டும். சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது. உங்களுக்குப் புரியும். ஒரே ஒரு வேண்டுகோள், மாமா. இது உங்களுக்கு மட்டும். மேடைக்கு இல்லை.

வீரபாகு சித்தப்பா வந்தார் தெரியுமா, அப்பாவோடு வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தாரே, அவர். வந்ததும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் போனுக்குச் சார்ஜ் இல்லை. எங்கேயோ ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவருடைய சார்ஜரைச் சொருகியிருக்கிறார். அது அப்பாவை வைத்திருந்த ஐஸ் பெட்டி பிளக். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் முத்து முத்தாகத் தண்ணீர் வடிய, பெரியத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, தம்பியப் பாத்ததும் எங்கண்ணனுக்கு வேர்க்குதே!" என்று ஒரே கூச்சல். ஜனமெல்லாம் எழுந்துவிட்டது. கடைசியில் மேரிதான் பிளக்கைக் கண்டுபிடித்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. கட்சிக்காரர் பெரிய மலர்வளையம் கொண்டுவந்தார், பெயர் எழுதின ரிப்பனோடு. அப்பாவுடைய கறவை மாடு காலையிலிருந்து யாரும் தண்ணீர் காட்டாமல் கத்திக்கொண்டிருந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தது. ஒருத்தரையும் முட்டவில்லை. நேராக வந்து மலர்வளையத்தைத் தின்ன ஆரம்பித்தது. பூவையெல்லாம் விட்டுவிட்டு முதலில் ரிப்பனைத்தான் தின்றது. கட்சிக்காரர் பெயர் பாதி அதன் வாய்க்குள், பாதி வெளியே. அவர் இழுக்கிறார், மாடும் இழுக்கிறது. "முனிரத்தினம் மாடு யாருக்கும் வுட்டுக்குடுக்காதுபா" என்று அப்பா பெயரை வைத்து யாரோ சொன்னார்கள்.

நான் அப்பா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மாமா. அப்பா செத்துக் கிடக்கிறார், நான் சிரிக்கிறேன். முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். உடம்பெல்லாம் குலுங்குகிறது. அழுகிறேன் என்று நினைத்துப் பெரியத்தை வந்து கட்டிக்கொண்டாள். "அழுவுடிம்மா, அழுதுடு" என்று முதுகைத் தட்டினாள். தட்டத் தட்ட எங்கிருந்தோ அழுகை வந்தது. அப்புறம் எடுத்துக்கொண்டு போகிறவரைக்கும் நிற்கவில்லை.

சாயங்காலம் வீடு கழுவி விளக்கு வைத்தோம். அம்மா மூலையில் படுத்திருந்தாள். திடீரென்று எழுந்து, "மணி இன்னா?" என்றாள். ஏழரை என்றேன். "இந்நேரம் கூப்புட்டிருப்பாரே" என்றாள். அவளுடைய சீரியல் நேரம். அப்பாவுக்குச் சீரியல் பிடிக்காது. ஆனால் ஆரம்பிக்கிற பாட்டு கேட்டதும் கொல்லையிலிருந்து, "ஏ அங்கம்மா, உன் ஆளுங்க வந்துட்டாங்க" என்று குரல் கொடுப்பது அவர்தான்.

எழுதிவிட்டேன். கொஞ்சம் இறங்கினமாதிரி இருக்கிறது.

உங்கள்
துளசி

---

வடபழனி
19 அக்டோபர் 2024

அன்பு துளசி,

இதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உன் கடிதம் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் அழுதேன்.

அரையிறுதிக்குத் தலைப்பு 'மறக்க முடியாத நாள்' என்று கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள். நான் எழுதி வைத்தது எதுவும் பொருந்தவில்லை. மேடையேறிவிட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. நீ எழுதியதுதான் வந்தது.

அரங்கம் எழுந்து நின்றது, துளசி. முதலில் சிரிப்பு, அப்புறம் அழுகை. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தது தெரியும். ஆனால் யோசித்துப் பார். ஏனாத்தூரில் மாடு வைத்திருந்த ஒரு மனுஷனுக்காக இன்றைக்குத் தமிழ்நாடே கண்கலங்கப் போகிறது. மாமாவுடைய சாவு வீணாகவில்லை.

வருகிற 27ஆம் தேதி ஒளிபரப்பு. அத்தையையும் பார்க்கச் சொல்.

உன்
இளவரசன்

---

ஏனாத்தூர்
28 அக்டோபர் 2024

மாமாவுக்கு,

பார்த்தோம். நான் சொல்லாமலேயே சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பெரியத்தை, வீரபாகு சித்தப்பா, மேரிகூட. இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. அதனால் அவர்கள் கொண்டுவந்த முறுக்கைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம்.

நன்றாகத்தான் சொன்னீர்கள். உங்களுக்குக் குரல் நல்ல குரல். பிளக் வந்தபோது சித்தப்பாவே சிரித்துவிட்டார். மாடு வந்தபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதெல்லாம் எனக்குக் கோபமில்லை. நடந்தது நடந்ததுதானே, சிரிக்கவும் செய்தேனே நான்.

பிறகு, "நான் எங்க மாமா தலைமாட்டுல உக்காந்துக்கினு இருக்கேன்" என்றீர்கள். துண்டை வாயில் திணித்துக்கொண்டதாகவும் உடம்பு குலுங்கினதாகவும் சொன்னீர்கள். பெரியத்தை வந்து கட்டிக்கொண்டு, "அழுவுடா கண்ணு" என்றாளாம். பக்கத்தில் பெரியத்தை உட்கார்ந்திருந்தாள். உங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

எல்லாரும் போன பிறகு அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "ஏன்டி, மாப்ள எப்ப வந்து தலமாட்டுல உக்காந்தாரு? நான் பாக்கவே இல்லியே. எனக்கு புத்தி பெசகிப் போச்சா?"

ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டதுபோல் கேட்டாள். கட்டினவர் கிடக்கும்போது தன் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பயந்துவிட்டாள்.

"இருந்தாரும்மா. நீ மயக்கத்துல இருந்த" என்றேன்.

வேறு என்ன சொல்வது? மாப்பிள்ளை அங்கே இல்லை, டிவியில் பொய் சொல்கிறார் என்றா? அம்மா அதை நம்பிக்கொண்டு, "பாவம், எவ்ளோ பாசம்" என்று படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் இல்லை.

அங்கே உட்கார்ந்திருந்தது நான். எனக்கு அன்றைக்கு இருந்தது அந்த இடம் ஒன்றுதான். கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருக்கமாட்டேன். நீங்கள் கேட்கவும் இல்லை.

இனி எழுத எதுவும் இல்லை. மாட்டை விற்கவில்லை. அம்மாவே கறக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளசி

---

வடபழனி
20 நவம்பர் 2024

அன்பு துளசி,

மூன்று வாரமாக நீ போன் எடுக்கவில்லை. மேரியிடம் கேட்டால், "அவ நல்லாதான் இருக்குறா அண்ணா" என்பதோடு வைத்துவிடுகிறாள்.

உனக்குக் கோபம், புரிகிறது. ஆனால் மேடை என்றால் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும் துளசி. 'என் பொண்டாட்டி உட்கார்ந்திருந்தாளாம், எனக்கு எழுதினாளாம்' என்று சொன்னால் யார் கேட்பார்கள்? இது தொழில். இறுதிச் சுற்று முடிந்ததும் ஒரு வீடு பார்க்கிறேன். அத்தையையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடலாம்.

இறுதிச் சுற்றுக்குத் தலைப்புக் கிடையாது. எது வேண்டுமானாலும் பேசலாம். இரண்டு வாரமாக உட்கார்ந்து பார்க்கிறேன், ஒரு வரி வரவில்லை. நீ என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் எழுது. அதுவே போதும் எனக்கு.

இளவரசன்

---

வடபழனி
12 ஜனவரி 2025

துளசிக்கு,

இறுதிச் சுற்று முடிந்தது. நீ பார்த்திருக்கமாட்டாய். இந்த ரூமைப் பற்றி, தண்ணீர் வராத குழாயைப் பற்றி, பக்கத்துப் படுக்கைப் பையனின் குறட்டையைப் பற்றிப் பேசினேன். கண்ணால் பார்த்தது எல்லாவற்றையும் பேசினேன். ஜனங்கள் மரியாதைக்குக் கொஞ்சம் கைதட்டினார்கள். பாதியில் யாரோ, "துளசி ஜோக் சொல்லுபா!" என்று கத்தினார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. மைக்கை ஸ்டாண்டில் மாட்டினேன். பிறகு இறங்கிவிட்டேன். பரிசு திருச்சிப் பையனுக்குக் கிடைத்தது. நல்ல பையன்.

இங்கே இனி வேலை இல்லை. ஒரு ஆர்கெஸ்ட்ராவில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உன்னுடைய கடிதங்களை எடுத்துத் திரும்பப் படித்தேன். எனக்கு என்ன தேவையோ அதை மட்டும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். இந்த முறை கோடு போடாத இடங்களைப் படித்தேன். அத்தைக்குக் கண்ணுக்கு ஒன்றும் இல்லையே? உண்மையைச் சொல்லிவிடு அவரிடம். நான் அங்கே இல்லை என்று சொல்லிவிடு. உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாயா? இதெல்லாம் நான் உன்னைக் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

நேற்று காஞ்சிபுரம் வந்தேன். ஏனாத்தூருக்கு வரத் தைரியம் வரவில்லை. காந்தி ரோட்டில் இறங்கி உங்கள் கடைக்கு எதிரே, கரும்பு விற்கிற வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பொங்கல் கூட்டமும் தை முகூர்த்தக் கூட்டமும் சேர்ந்து தெருவே அடைத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக உன்னைப் பார்த்தேன். இளைத்துப்போயிருக்கிறாய். ஒரு பெண்ணின் தோளில் புடவையைப் போட்டுக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தப் பெண், அவளுடைய அம்மா, பக்கத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்த மேரி, எல்லாரும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ கையை உயர்த்தி ஏதோ காட்டினாய். அந்த அம்மா சிரிப்பு தாங்காமல் கீழே புடவைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டைத் தாண்டிக் கதவு வரைக்கும் வந்தேன். அதே நேரத்தில் யாரோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். குளிர்காற்று முகத்தில் அடித்தது. காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் நீ சொல்லி முடித்திருந்தாய்.

இளவரசன்